மைனர்ட்ஸ்ஹேகனை எதுவரை நம்பலாம்?

கேள்வி இதுதான்: ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரியைப் பற்றித் தேடினால், ஓரிடத்தில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவப் பதக்கம் பெற்ற வீரர், உளவு வேலையில் மன்னர், பறவையியல் அறிஞர் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் கொலைகாரர், புளுகர், அருங்காட்சியகத் திருடர் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் இந்த மனிதர் என் வாசிப்பில் அடிக்கடி குறுக்கிட்டிருக்கிறார். பதக்கம் பெற்றதும் உண்மை, திருடியதும் உண்மை. குழப்பத்துக்குக் காரணம் அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பு. தட்டச்சு செய்த எழுபதுக்கு மேற்பட்ட தொகுதிகள் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகள் இவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் இறைத்தார்கள். அதில் பல பக்கங்கள் பிற்காலத்தில் திருத்தி மறுபடி தட்டச்சு செய்து செருகப்பட்டவை என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஆகவே நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். இன்னொருவர் கண்ணிலோ கையிலோ பட்ட செய்தி என்றால் எடுத்துக்கொள்வேன். நாட்குறிப்பு ஒன்றே சாட்சி என்றால் ஓரமாக வைத்துவிடுவேன். இந்த அளவுகோல் வழுக்கும் இடங்களும் உண்டு.

1878 மார்ச் 3 அன்று பிறந்தார். ஜெர்மானிய வேர் கொண்ட, லண்டனில் வணிக வங்கி நடத்திய பணக்காரக் குடும்பம். சமூகச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன பியாட்ரிஸ் வெப் இவருக்குச் சித்தி முறை. ஹாரோ பள்ளியில் படித்தார். குடும்ப வங்கியில் மனம் ஒட்டவில்லை. 1899இல் ராயல் ஃபியூசிலியர்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1902இல் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படைக்கு மாற்றல் கிடைத்தது. ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், வெள்ளை அதிகாரிகள் என்று அமைந்த காலனியப் படை அது. இன்று கென்யா எனப்படும் நிலத்தில் அவர் கால் வைத்தபோது வயது 24.

அங்கே போய்ச் சில மாதங்களிலேயே நடந்ததாக அவர் எழுதியிருக்கும் ஒரு செய்தி, என் அளவுகோலைச் சோதிக்கும் செய்தி. வெள்ளைக்காரர் ஒருவரைக் கிகுயு என்ற கென்ய இனத்தாரின் கிராமம் ஒன்றில் கொன்றுவிட்டார்கள். பதிலுக்கு அந்தக் கிராமத்தைச் சுற்றி வளைத்து, குழந்தைகள் தவிர உயிருள்ள எதையும் விடாமல் கொல்ல உத்தரவிட்டதாகக் குறித்திருக்கிறார். சாட்சி அவர் ஒருவரே. ஆனால் இதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. 1957இல், எழுபத்தொன்பது வயதில், தன் கென்ய நாட்குறிப்பை அவரே அச்சிட்டு வெளியிட்டார். தற்பெருமைக்காகப் புளுகுகிறவர் இதையும் சேர்த்து எழுதினார் என்றால், இதுவும் அவருக்குப் பெருமையாகவே பட்டிருக்கிறது என்றுதான் பொருள். அந்தச் சம்பவம் எழுதியபடியே நடந்ததோ இல்லையோ, எழுதியவரின் மனம் அதில் தெரிகிறது.

அதே ஆண்டுகளில் உருப்படியான ஒரு வேலையும் செய்தார். கென்யக் காடுகளில் ஒரு பெரிய கரும்பன்றி இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய விலங்கியலுக்குத் தெரியாது. அதன் தோலும் மண்டையோடும் இவர் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தன. 1904இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து, இவர் பெயரையே அறிவியல் பெயரில் வைத்தார். ஹைலோகோயரஸ் மைனர்ட்ஸ்ஹேகனி. இது அசல். பன்றி இன்னும் காட்டில் திரிகிறது.

இனி நந்தி என்ற கென்ய இனத்தாரின் விவகாரம். அவர் வாழ்க்கையின் மையம் இதுதான், பதக்கங்கள் அல்ல.

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர்கள் ரயில் பாதை போட்டார்கள். 1896இல் தொடங்கி 1901இல் ஏரிக்கரையை எட்டியது. இந்தியாவிலிருந்து கொண்டுபோன முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூலிகளின் உழைப்பு அது. பாதை கடைசியில் நந்தி மக்களின் மேட்டு நிலத்தை ஒட்டிச் சென்றது. நந்திகளின் சமயத் தலைவருக்கு ஓர்கொயோட் என்று பெயர். மழை, போர், குறி எல்லாம் அவர் வாக்கு. கிம்ன்யோலே என்ற ஓர்கொயோட், கிழக்கு நீரிலிருந்து ஓர் இரும்புப் பாம்பு புகை கக்கிக்கொண்டு வந்து மேற்கு நீரில் தாகம் தீர்க்கும் என்று முன்னமே சொல்லிவிட்டார் என்பது நந்திகளின் வழிவழிச் செய்தி. அவருடைய மகன்தான் கொய்தாலெல் அராப் சமோய்.

பத்தாண்டு காலம் நந்திகள் ஆங்கிலேயருக்குத் தலைவலியாக இருந்தார்கள். தந்திக் கம்பியை அறுத்துப் பெண்களுக்கு வளையும் கழுத்தணியும் செய்தார்கள். தண்டவாளத்தின் ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் கழற்றி ஆயுதம் அடித்தார்கள். லண்டனுக்குப் போகும் அறிக்கையில் இது திருட்டு. தன் நிலத்தின் குறுக்கே கேட்காமல் கம்பி இழுத்தவனிடமிருந்து கம்பியை எடுத்தவனுக்கு அது திருட்டாகத் தோன்றியிருக்குமா என்ன? ஏற்கெனவே பல படையெடுப்புகள் பலிக்கவில்லை. 1905இல் பெரும்படை ஒன்றைத் திரட்டினார்கள். அது கிளம்பும் முன்பே தலைவரை முடித்துவிட்டால் போர் சுருங்கிவிடும் என்று மைனர்ட்ஸ்ஹேகன் கணக்குப் போட்டார்.

1905 அக்டோபர் 19. சமாதானம் பேச வரச்சொல்லி அழைப்பு. மைனர்ட்ஸ்ஹேகனுடன் எண்பது பேர் வந்தார்கள். பெரும்பாலோரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுச் சிலரோடு முன்னே போனார். கொய்தாலெல் தன் ஆட்களோடு நின்றிருந்தார். கை குலுக்கும் தருணத்தில் துப்பாக்கி வெடித்தது. கொய்தாலெலும் அவருடன் வந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்களும் அங்கேயே செத்து விழுந்தார்கள். ஆங்கிலேயர் பக்கம் சொல்லும்படியான இழப்பு இல்லை.

மைனர்ட்ஸ்ஹேகன் சொன்ன கதை வேறு: கொய்தாலெல்தான் தன்னைக் கொல்லத் திட்டமிட்டிருந்தார், அந்தச் சதி தனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, தற்காப்புக்காகவே சுட்டேன். நந்திகள் சொல்வது: சமாதானத்தின் அடையாளமாகப் புல்லைப் பிடித்திருந்த மனிதரைச் சுட்டார்கள். சக அதிகாரிகளிடையிலேயே முணுமுணுப்பு எழுந்தது. அடுத்தடுத்து மூன்று விசாரணைகள். மூன்றிலும் அவர் குற்றமற்றவர் என்று முடிவானது. ஆனாலும் 1906இல் அவரை ஆப்பிரிக்காவைவிட்டு அனுப்பிவிட்டார்கள். குற்றமற்றவர் என்று மூன்று முறை சொல்லிவிட்டு மூட்டை கட்டச் சொன்னதிலிருந்து, மேலிடம் உண்மையில் என்ன நினைத்தது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இந்த இடத்தில் என் அளவுகோல் தெளிவாக வேலை செய்கிறது. சந்திப்பு நடந்தது, பேச வந்த இடத்தில் தலைவர் கொல்லப்பட்டார் என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. சதி இருந்தது என்பதற்கு அவர் வாய்மொழி மட்டுமே. அடுத்து வந்த படையெடுப்பில் நந்திகளின் மாடுகளும் ஆடுகளும் ஆயிரக்கணக்கில் பறிபோயின, மக்கள் அவர்களுக்கென்று ஒதுக்கிய காப்பு நிலத்துக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்கள் இழந்த நல்ல மேட்டு நிலத்தில் பின்னர் வெள்ளைக்காரத் தோட்டங்கள் வந்தன.

1914இல் அவர் மறுபடி ஆப்பிரிக்கா திரும்பினார். இந்த முறை நம் ஊர்ப் பெயர் ஒன்றும் கூட வந்தது. முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க மும்பையிலிருந்து அக்டோபர் 16 அன்று சுமார் எட்டாயிரம் பேர் கொண்ட படை கப்பலேறியது. மேஜர் ஜெனரல் ஐட்கென் தளபதி. மைனர்ட்ஸ்ஹேகன் உளவு அதிகாரி. அந்தப் படைப்பிரிவுகளில் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை. ஆமாம், நம் திருநெல்வேலிப் பாளையங்கோட்டையேதான். அந்தப் பெயரைச் சுமந்த பழைய சென்னை மாகாணப் படை. நவம்பர் தொடக்கத்தில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கினார்கள். இறங்குவதற்கு முன்பே போர்க்கப்பல் ஒன்று உள்ளே போய், டாங்காவைத் தாக்குவதில்லை என்ற பழைய ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று ஜெர்மானியருக்கு அறிவித்துவிட்டு வந்தது! லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி அந்த அவகாசத்தில் ரயிலில் ஆளைக் கொண்டுவந்து குவித்தார். அப்போதும் அவரிடம் இருந்தது ஏறக்குறைய ஆயிரம் பேர்தான்.

நாள்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்த சிப்பாய்கள், முன்பின் பாராத ரப்பர்த் தோட்டத்துக்குள்ளும் புதருக்குள்ளும் தள்ளப்பட்டார்கள். எந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. போதாக்குறைக்கு மரங்களில் இருந்த தேன்கூடுகள் குண்டு பட்டுக் கலைந்து, தேனீக்கள் கூட்டமாக வந்து கொட்டின. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. ஓடியது அது மட்டுமல்ல. ஆங்கிலேயர் தரப்பில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தும் காயமடைந்தும் காணாமலும் போக, எட்டில் ஒரு பங்கு ஆட்களைக் கொண்டிருந்த ஜெர்மானியர் வென்றார்கள். கைவிட்டுப்போன துப்பாக்கிகளையும் ஆறு லட்சம் தோட்டாக்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் பல மாதம் போர் செய்தார்கள்.

மைனர்ட்ஸ்ஹேகனின் நாட்குறிப்பு இந்தத் தோல்விக்காக இந்தியச் சிப்பாய்களைக் காறி உமிழ்கிறது. ஐட்கெனையும் விடவில்லை. படிக்கும்போது எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். எதிரி எத்தனை பேர், எங்கே பதுங்கியிருக்கிறான் என்று கண்டு சொல்ல வேண்டிய உளவு அதிகாரி யார்? எழுதுகிறவரேதான்.

அதன்பிறகு அவர் உளவு வேலையில் நிஜமாகவே கெட்டிக்காரர் ஆனார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க ஒற்றர்களைக் கொண்டு ஒரு வலை பின்னினார். ஜெர்மன் அதிகாரிகள் கழிப்பிடத்தில் துடைத்துப் போட்ட காகிதங்களைக்கூடப் பொறுக்கிவரச் செய்து, கடிதங்களும் குறிப்புகளும் கையெழுத்துகளும் சேர்த்ததாக எழுதுகிறார். காகிதப் பஞ்சத்தில் பழைய அலுவலகத் தாள் அங்கேதான் போகும் என்று தோன்றியவனுக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியாது. 1916இல் டி.எஸ்.ஓ. கிடைத்தது.

அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1917 அக்டோபரில் பாலஸ்தீனத்தில் நடந்த தோள்பைத் தந்திரம். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி குதிரையில் போய்த் துருக்கிய ரோந்துப் படையின் கண்ணில் வேண்டுமென்றே படுகிறார். சுடுகிறார்கள். காயம்பட்டவர்போல் சாய்ந்து, இரத்தம் பூசிய தோள்பையைத் தவறவிட்டு ஓடுகிறார். பையில் பணம், மனைவி எழுதியது போன்ற ஒரு கடிதம், அதோடு காசாதான் தாக்குதலின் இலக்கு என்று காட்டும் பொய்த் திட்டங்கள். உண்மையான அடி அக்டோபர் 31 அன்று பீர்ஷெபாவில் விழுந்தது. தந்திரம் நடந்தது உண்மை. குதிரைமேல் இருந்தவர் யார் என்பதில்தான் சிக்கல். மைனர்ட்ஸ்ஹேகன் தான் என்றார், உலகமும் நம்பியது. 2007இல் பிரையன் கார்ஃபீல்ட் என்ற எழுத்தாளர் ஆவணங்களைத் துருவி, யோசனை ஜேம்ஸ் பெல்கிரேவ் என்ற அதிகாரியுடையது, குதிரையில் போனவர் ஆர்தர் நீட் என்று வாதிட்டார். பெல்கிரேவ் 1918இலேயே போரில் இறந்துவிட்டார். செத்தவர் எழுந்து வந்து என் யோசனை என்று கேட்கப் போவதில்லை.

ஹிட்லரை நேரில் சந்தித்தேன், அவர் “ஹைல் ஹிட்லர்” என்று கையை உயர்த்த நான் “ஹைல் மைனர்ட்ஸ்ஹேகன்” என்று பதில் கொடுத்தேன், இன்னொரு முறை சட்டைப்பையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன் என்பதெல்லாம் அவருடைய கதைகள். நல்ல கதைகள்தான். சாட்சி கிடையாது.

இத்தனை ஆண்டு அவரை யாரும் சந்தேகிக்காமல் இருந்ததற்கு அவருடைய உருவமும் ஒரு காரணம். நெடிய மனிதர், குரலில் அதிகாரம், நல்ல குடும்பம், மார்பில் பதக்கம். அப்படிப்பட்டவர் பொய் சொல்வார் என்று சொல்லும் துணிவு எந்த எழுத்தருக்கு வரும்? கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது நம் நாட்டின் ஒரு சிறிய ஆந்தை.

பறவைகள் அவருக்குச் சிறுவயது ஆசை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குள், மாதிரிகளை அனுமதியின்றி எடுத்தார் என்று அவரை முதல் உலகப்போருக்குப் பின் ஒன்றரை ஆண்டு உள்ளே விடவில்லை. பிறகு விட்டார்கள். 1954இல் பாடம் செய்த சுமார் இருபதாயிரம் பறவைகளை அதே அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். ஊழியர்கள் சிலருக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. 1967இல் அவர் இறந்து கால்நூற்றாண்டு கழித்து, 1993இல் ஆலன் நாக்ஸ் என்ற பறவையியலாளர் முதல் ஆய்வை வெளியிட்டார். நன்கொடையில் பலவும் அதே அருங்காட்சியகத்திலிருந்தும் பிறரிடமிருந்தும் களவாடி, புதுச் சீட்டு கட்டித் திரும்பக் கொடுத்தவை.

பமேலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் தெற்காசியப் பறவைகள் பற்றிய நூல் வேலையில் இருந்தபோது காட்டுச் சிற்றாந்தையிடம் வந்து நின்றார். 1873இல் ஹ்யூம் விவரித்த பறவை. 1884க்குப் பிறகு யாரும் சேகரிக்கவில்லை. உலக அருங்காட்சியகங்களில் இருந்தவை ஏழே ஏழு. விதிவிலக்காக ஒன்று மட்டும் 1914 அக்டோபர் 9 அன்று குஜராத்தின் மாண்ட்வியில் சுட்டதாக மைனர்ட்ஸ்ஹேகனின் சீட்டோடு இருந்தது. தேதியைப் பாருங்கள். டாங்காவுக்குக் கப்பல் கிளம்ப ஏழு நாள். எட்டாயிரம் பேர் கொண்ட படையின் உளவு அதிகாரி தபதி ஆற்றங்கரையில் ஆந்தை வேட்டையாடிக்கொண்டிருந்தாராம்.

பறவையைப் பாடம் செய்வது ஒரு கைத்தொழில். வயிற்றைக் கீறித் தோலை உரித்து, உள்ளே பஞ்சு திணித்து, தைத்து முடிப்பார்கள். எந்த எலும்பை விடுவது, எங்கே தையல் தொடங்குவது, பஞ்சை எப்படிச் சுருட்டுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். தையற்காரர் பத்துச் சட்டைகளுக்கு நடுவே தன் கைத்தையலை அடையாளம் சொல்வதுபோல், அனுபவம் உள்ளவர்கள் இதையும் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆந்தை 1880களில் காந்தேஷ் பகுதியில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் டேவிட்சனின் கைவேலை என்று தெரிந்தது. பழைய பஞ்சை உருவிவிட்டுப் புதுப் பஞ்சு திணித்து மறுபடி தைத்திருந்தார்கள். பாடம் செய்தவரின் பழக்கம் எலும்பிலும் தோலிலும் அப்படியே தங்கியிருந்தது.

இதனால் விளைந்த நஷ்டம் சில்லறை அல்ல. அந்தப் பறவையைத் தேடிய பலரும், சாலிம் அலி உட்பட, ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். மாண்ட்விச் சீட்டு தேடுபவர்களைத் தவறான இடத்துக்கு இழுத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் டேவிட்சன் போன்றோர் உண்மையாகச் சேகரித்த இடங்களுக்குப் போனார்கள். 1997 நவம்பர் 25 காலை, மகாராஷ்டிராவில் ஷஹாதாவுக்கு அருகே, நல்ல வெளிச்சத்தில், இலையற்ற மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பிறகு!

சாலிம் அலிக்கும் இவருக்கும் பழக்கம் உண்டு. 1937இல் இருவரும் ஆப்கானிஸ்தானுக்குப் பறவைப் பயணம் போனார்கள். கூட வந்தவரைப் பற்றி மைனர்ட்ஸ்ஹேகன் அன்றாடம் நாட்குறிப்பில் வசைபாடிக்கொண்டிருந்தார். படித்த இந்தியர்கள் எதற்கும் உதவாதவர்கள் என்ற தொனியில். சாலிம் அலி பின்னாளில் அந்த வசையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் தானே எடுத்துப் போட்டார், கோபமில்லாமல். அந்தக் குறிப்பில் பொய் இல்லை என்று நினைக்கிறேன். அவர் நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அவருடைய மனைவி ஆனி, தானும் பறவையியல் அறிஞர், 1928இல் ஸ்காட்லாந்தில் கைத்துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். விபத்து என்று பதிவானது. அருகில் இருந்தவர் கணவர் மட்டுமே. கார்ஃபீல்ட் முதலானோர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். நான் இதில் தீர்ப்பு எழுதப் போவதில்லை. சாட்சி ஒருவரே என்னும் செய்திகளின் பட்டியலில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்பிக்கைக்குரிய பறவை நூல்கள் அவர் பெயரில் மட்டும் நிற்கும் பதிவுகளைச் சேர்ப்பதில்லை. 2005இல் வந்த ராஸ்முசெனின் நூல் அப்படித்தான் செய்தது. ஆக, வீரர் என்ற பக்கத்தில் பாதி உதிர்ந்துவிட்டது, அறிஞர் என்ற பக்கத்தில் முக்காலும் போய்விட்டது. உதிராமல் நிற்பது காட்டுப்பன்றியும் கொய்தாலெலும்.

கொய்தாலெலைச் சுட்டதும் அவர் கையிலிருந்த கோல்களை மைனர்ட்ஸ்ஹேகன் எடுத்துக்கொண்டார். ஓர்கொயோட்டின் அதிகாரத்துக்கு அடையாளம் அவை. இங்கிலாந்தில் அவர் குடும்பத்தாரிடம் நூறாண்டு கிடந்தன. 2006இல் கென்யாவுக்குத் திரும்பி வந்தன. நந்தி மலையில் கொய்தாலெலுக்கு நினைவிடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோவின் முழுப்பெயரில் சமோய் என்ற சொல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொய்தாலெலின் தலையை வெட்டி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள் என்று நந்திகள் நம்புகிறார்கள். அந்தத் தலையோட்டை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.